சிராவண மாசம்: தில்லியில் ஒரு தேதி, மாமியார் வீட்டில் ஒரு தேதி, எதை வைத்து விரதம் இருப்பது?

கேள்வி இதுதான். கேட்டவருக்குக் கல்யாணமாகி இது முதல் வருடம். பிறந்த வீடு தமிழ், புகுந்த வீடு தெலுங்கு, குடியிருப்பது தில்லியில். பக்கத்து வீட்டில் "சாவன் ஆரம்பித்துவிட்டது, திங்கட்கிழமை விரதம் இருக்கலாம் வா" என்கிறார்கள் (சிராவணத்தைத்தான் இந்தியில் சாவன் என்கிறார்கள்). மாமியார் "சிராவணத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, மங்கள கௌரி நோன்பை எடுத்துக்கொள்" என்கிறார். அம்மாவோ "ஆடி வெள்ளியை விட்டுவிடாதே" என்கிறார். இதில் யார் சொல்வது சரி, எந்த நாள் எந்த சாமிக்கு, எல்லாவற்றையும் இருந்துதான் ஆக வேண்டுமா, காலையில் மாத்திரை சாப்பிடுகிறேனே அது விரதத்தைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் உங்களுக்கு எது பொருந்தும் என்றால், மாமியார் சொல்கிற கணக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

சந்திரனை வைத்து மாதத்தை எண்ண நம் நாட்டில் இரண்டு வழக்கம் உண்டு. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் அமாவாசையோடு மாதம் முடியும், மறுநாள் பிரதமையில் அடுத்த மாதம் பிறக்கும். உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் பௌர்ணமியோடு மாதம் முடிகிறது. அதனால் வளர்பிறை இரண்டு பேருக்கும் ஒரே மாதம்தான், தேய்பிறைக்கு மட்டும் பெயர் மாறிவிடும். அவர்கள் சாவன் தேய்பிறை என்று சொல்லும் பதினைந்து நாளும் தெலுங்குக் கணக்கில் ஆஷாட பகுளம், அதாவது முந்தின மாதமான ஆஷாடத்தின் தேய்பிறை. இவர்களுடைய சிராவண பகுளம் அங்கே பாத்ரபதத்தில் போய்விடும். தமிழ்நாட்டில் நாம் சூரியன் ராசி மாறுவதை வைத்து மாதம் எண்ணுவதால், இந்தச் சிராவணம் நமக்கு ஆடியிலும் ஆவணியிலுமாக உடைந்து விழும்.

2025-ஐ எடுத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். வடக்கே சாவன் ஜூலை 11-ல் தொடங்கி ஆகஸ்ட் 9 பௌர்ணமியில் முடிந்தது. தெலுங்குச் சிராவணம் ஜூலை 25 வெள்ளிக்கிழமை தொடங்கி ஆகஸ்ட் 23 அமாவாசை வரை இருந்தது. நம் ஆடி ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. ஆக ஜூலை 25, ஆகஸ்ட் 1, 8, 15 ஆகிய நான்கு வெள்ளியும் உங்கள் அம்மாவுக்கு ஆடி வெள்ளி, அதே நான்கும் உங்கள் மாமியாருக்குச் சிராவண வெள்ளி. பெயர் மட்டும்தான் வேறு, விளக்கேற்றுவது ஒரே நாளில். அந்த வருடம் ஆவணி அவிட்டம்கூட ஆகஸ்ட் 9-ல், அதாவது ஆடி 24-ல் வந்துவிட்டது. "ஆவணியே பிறக்கவில்லை, ஆவணி அவிட்டம் எப்படி" என்று பலர் குழம்பினார்கள். பெயரில் ஆவணி இருந்தாலும் யஜுர் வேதக்காரர்கள் பார்ப்பது சிராவணப் பௌர்ணமியைத்தான்.

எல்லா வருடமும் இப்படிப் பொருந்தி வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான், சூரிய வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவு. அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிக மாசம் என்று ஒன்று கூடுதலாக வரும். 2023-ல் சிராவணமே அதிகமாக வந்தது, ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை. வடக்கே அந்த வருடம் சாவன் இரண்டு மாதம் நீண்டு எட்டுத் திங்கட்கிழமை கிடைத்தது. ஆனால் தெலுங்கு வீடுகளில் அதிக சிராவணத்தில் மங்கள கௌரியோ வரலட்சுமியோ செய்யவில்லை, ஆகஸ்ட் 17-ல் நிஜ சிராவணம் பிறக்கும் வரை காத்திருந்தார்கள். அதிக மாசம் விஷ்ணுவுக்கு உரியது, புருஷோத்தம மாசம் என்பார்கள். ஜபம், பாராயணம், தானம் செய்யலாம் (மாத்வர்கள் வீட்டில் 33 அதிரசம் வைத்துத் தானம் கொடுப்பார்கள்), ஆனால் வருடாந்திர நோன்பும் பண்டிகையும் நிஜ மாசத்தில்தான். 2026-ல் ஜ்யேஷ்டம் அதிகமாக வருவதால் சிராவணம் தள்ளிப்போய் ஆகஸ்ட் 13-ல்தான் பிறக்கிறது, ஆடி வெள்ளியோடு சேருவது ஆகஸ்ட் 14 ஒன்றே ஒன்று. அந்த மாதிரி வருடத்தில் அம்மா சொல்வதும் மாமியார் சொல்வதும் தனித்தனியாக இருக்கும்.

தில்லியில் நீங்கள் பார்க்கிற காவடி யாத்திரையும் இதே கணக்கால்தான் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஹரித்வாரிலிருந்து கங்கை நீரைத் தோளில் சுமந்து நடந்து வந்து சிவராத்திரியன்று லிங்கத்துக்கு அபிஷேகம் செய்கிறார்களே, அது சாவன் தேய்பிறைச் சதுர்த்தசி. 2025-ல் அது ஜூலை 23. தெலுங்குச் சிராவணம் பிறந்ததே அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். பீகாரில் சுல்தான்கஞ்சில் கங்கை நீரை எடுத்துக்கொண்டு தேவ்கர் வைத்தியநாதர் கோயிலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடப்பவர்களும் இந்த மாதத்தில்தான் நடக்கிறார்கள். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தைச் சிவன் உண்டது இந்த மாதத்தில் என்பதும், அந்த வெப்பம் தணியத்தான் தண்ணீர் விடுகிறோம் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், லிங்கத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் விடுங்கள். அதற்கு எந்த மாதக் கணக்கும் தடை இல்லை. சங்கல்பம் செய்து தொடர்ச்சியாக இருக்கிற விரதத்துக்கு மட்டும்தான் மாதம் எது, கிழமை எத்தனை என்ற கேள்வி வருகிறது.

திங்கட்கிழமை விரதத்தைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: பிறந்த வீட்டில் கார்த்திகைச் சோமவாரம் இருந்து பழகியிருந்தால் அதையே தொடருங்கள். இரண்டும் ஒரே விரதம், அங்கே சாவனில் செய்வதை நம் பக்கம் கார்த்திகையில் செய்கிறோம். சனிக்கிழமையும் அப்படித்தான். சிராவணச் சனியன்று தெலுங்கு, கன்னட வீடுகளில் வேங்கடவனுக்குச் செய்வதை நாம் புரட்டாசிச் சனியில் செய்கிறோம். இரண்டு பக்கத்துப் பட்டியலையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டால் நவம்பருக்குள் சலிப்பு வந்துவிடும். திங்கட்கிழமை இருக்க ஆசை என்றால் பகலில் பால், பழம், மாலையில் பிரதோஷ நேரத்தில் பூஜை, அதன் பிறகு ஒருவேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்வத்தைத் திங்கட்கிழமையே பறிக்கக் கூடாது, ஞாயிறே பறித்து வைத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் முன்பு சாத்திய வில்வத்தையே கழுவி மறுபடி சாத்தலாம், வில்வத்துக்கு அந்த விலக்கு உண்டு.

இப்போது உங்களுக்கு முக்கியமான செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மங்கள கௌரி விரதம் கல்யாணமான பெண்கள் முதல் ஐந்து வருடம் சிராவணச் செவ்வாய்களில் செய்வது. பல தெலுங்குக் குடும்பங்களில் முதல் வருடத்தைப் பிறந்த வீட்டில் செய்ய வேண்டும், அடுத்த நான்கு வருடமும் புகுந்த வீட்டில் என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அப்படி இருந்தால் ஒரு செவ்வாய்க்காவது ஊருக்குப் போக வேண்டியிருக்கும், டிக்கெட் எடுக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் தெரிந்தால் கஷ்டம்.

பூஜை பெரிய சிரமம் இல்லை. மஞ்சளில் கௌரியைப் பிடித்து வைத்து, பூ, அட்சதை, பதினாறு இழைச் சரடு வைப்பார்கள். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து விளக்காகக் குழித்து நெய் விட்டுத் திரி போடுவார்கள். இந்த நோன்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். கதை படிக்கிற நேரம் முழுக்க, நெய் தடவிய கத்தி ஒன்றை அந்தச் சுடர்களுக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கதை முடிவதற்குள் அலகில் கறுப்பாகப் புகை படிந்திருக்கும். அதை நெய்யில் குழைத்தால் மை. அந்த மையை நோன்பெடுத்தவளும் இட்டுக்கொண்டு, வந்திருக்கிற சுமங்கலிகளுக்கும் கொடுப்பாள். கை வலிக்கிறது என்று கத்தியை நடுவில் இறக்காதீர்கள், பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து அவர்களைக் கதை படிக்கச் சொல்லிவிட்டால் நீங்கள் கத்தியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

கதையில் ஒரு பையனுக்கு அற்பாயுள். அவன் கைபிடித்த பெண்ணின் தாய் இந்த நோன்பை நோற்றவள். விதி முடியும் இரவில் பாம்பு வருகிறது, கௌரி கனவில் சொன்னபடி அந்தப் பெண் அதைக் குடத்தில் அடைத்துத் துணியால் வாய் கட்டி, விடிந்ததும் தன் தாய்க்கே வாயனமாக, அதாவது நோன்பு முடிந்து கொடுக்கிற தாம்பூலமாக, கொடுத்துவிடுகிறாள். முதல் வாயனம் அம்மாவுக்கு என்ற வழக்கம் இதனால் வந்தது. ஆகவே ஆடி வெள்ளி, ஆடி வெள்ளி என்று சொல்கிற உங்கள் அம்மாவுக்கும் இந்த நோன்பில் இடம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள். வாயனத்தில் ஊறவைத்த கொண்டைக்கடலை, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி. கடலையை முந்தின நாள் இரவே ஊறப் போட்டுவிடுங்கள்.

வரலட்சுமி நோன்பு பௌர்ணமிக்கு முந்தி வரும் வெள்ளியில். 2025-ல் அது ஆகஸ்ட் 8. இது உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் முறையில் வித்தியாசம் உண்டு. தமிழ் வீடுகளில் வியாழன் மாலையே அம்மனை அழைத்து விடுவோம். கலசத்தில் அரிசி, மஞ்சள், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் போட்டு, மாவிலை தேங்காய் வைத்து வெள்ளி முகத்தைக் கட்டி, காதோலை கருகமணி சாத்தி, வாசற்படியருகே வைத்து விளக்குக் காட்டி உள்ளே எடுத்து வருவது. தெலுங்கு வீடுகளில் பெரும்பாலும் எல்லாமே வெள்ளிக்கிழமைதான். அவர்கள் கட்டுவது ஒன்பது இழை ஒன்பது முடிச்சுத் தோரம், நாம் மஞ்சள் சரடு என்போம். சனிக்கிழமை புனர்பூஜை முடிந்த பிறகு கலசத்தை அரிசிப் பானைக்குள் வைப்பது நம் வழக்கம். அம்மன் முகம் புகுந்த வீட்டில் இல்லாவிட்டால் அதற்காக அலைய வேண்டாம், தேங்காயில் மஞ்சள் பூசி மையால் கண் வரைந்து வைக்கிற வீடுகள் எத்தனையோ. ஒரு விஷயம் மட்டும்: புகுந்த வீட்டில் வழக்கமே இல்லாமல் நீங்களாகப் புதிதாக ஆரம்பிப்பதென்றால் மாமியாரைக் கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்து ஆரம்பியுங்கள்.

வளர்பிறைச் சதுர்த்தியும் பஞ்சமியும் நாகருக்கு. நம் பக்கம் நாக சதுர்த்தி, கருட பஞ்சமி. உடன்பிறந்த அண்ணன் தம்பி நலமாக இருக்க வேண்டும் என்று பெண்கள் இருப்பது. வடக்கே அதே பஞ்சமி நாக பஞ்சமி. உஜ்ஜயினி மகாகாளேஸ்வரர் கோயிலின் மேல்தளத்தில் இருக்கும் நாகசந்திரேஸ்வரர் சன்னதி வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் திறக்கும். தில்லியில் அன்றைக்குப் பாம்பாட்டி யாராவது கூடையோடு வாசலில் வந்து நின்றால் பால் ஊற்றாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். பாம்பு பால் குடிக்கிற உயிரே இல்லை. பல நாள் தாகத்தில் வைத்திருந்து, வேறு வழியில்லாமல் குடிக்க வைக்கிறார்கள், அது பாம்பைக் கொல்லும். பால் ஊற்றுவதை அரசமரத்தடிக் கல் நாகருக்குச் செய்யுங்கள்.

மற்ற நாட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்பிறை ஏகாதசி புத்ரதா. தேய்பிறை ஏகாதசி வடக்கத்திக் கணக்கில் காமிகா, தெலுங்குக் கணக்கில் அஜா, இரண்டும் வேறு வேறு நாள். பௌர்ணமியில் ஆவணி அவிட்டம், ரக்ஷா பந்தன், ஹயக்ரீவ ஜெயந்தி எல்லாம் சேர்ந்து வரும். அதற்கு இரண்டாம் நாள், தேய்பிறைத் துவிதியையில், 1671-ல் மந்த்ராலயத்தில் பிருந்தாவனப் பிரவேசம் செய்த ராகவேந்திரரின் ஆராதனை. சதுர்த்தி மகா சங்கடஹர சதுர்த்தி. அஷ்டமியில் கோகுலாஷ்டமி. நம் வைணவக் குடும்பங்களில் பலர் ஆவணி மாதத்தையும் ரோகிணியையும் சேர்த்துப் பார்ப்பதால் ஸ்ரீஜெயந்தி சில வருடம் ஒரு மாதமே தள்ளிப்போகும், 2025-ல் ஊரெல்லாம் ஆகஸ்ட் நடுவில் கொண்டாடியபோது அவர்கள் செப்டம்பர் நடுவில் கொண்டாடினார்கள்.

அப்புறம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. காலண்டரில் இரண்டு நாளும் சதுர்த்தி என்று போட்டிருக்கும், எந்த நாள் இருப்பது? சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை நகர்ந்தால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை, அதனால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்துக்குள் முடியும், சில சமயம் 26 மணி நேரத்துக்கு மேல் நீளும். நடுராத்திரியில் தொடங்கி மறுநாள் நடுராத்திரிக்குப் போகவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு விரதத்துக்கும் அதன் பூஜை நேரத்தில் திதி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கிற நேரத்தில் சதுர்த்தி இருக்க வேண்டும். பிரதோஷத்துக்குச் சூரியன் மறைகிற வேளையில் திரயோதசி, கோகுலாஷ்டமிக்கு நள்ளிரவில் அஷ்டமி. ஏகாதசியில் ஸ்மார்த்தர்கள் சூரிய உதயத்தைப் பார்ப்பார்கள். வைணவர்கள் உதயத்துக்கு நான்கு நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பு தசமி ஒட்டிக்கொண்டிருந்தாலே அந்த நாளை விட்டு மறுநாள் இருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு நாள் ஏகாதசி வருவது இதனால்தான், ஒருவர் தவறு என்று இன்னொருவர் சண்டை போட ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட வேண்டாம், மாமியார் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ அந்த ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதையே வருடம் முழுவதும் பாருங்கள். நாளுக்கு ஒரு செயலியைத் திறந்து ஒப்பிட்டால் நிம்மதி போய்விடும்.

சாப்பாடு. விரதம் என்றால் எல்லா நாளும் பட்டினி இல்லை. ஏகாதசிக்கு தானியம் கூடாது, முடிந்தவர்கள் முழு உபவாசம், முடியாதவர்கள் பால், பழம், கிழங்கு, ஜவ்வரிசி. மறுநாள் துவாதசியில் பாரணை, அதாவது சாப்பிட்டு விரதத்தை முடிப்பது, துவாதசியின் முதல் கால் பங்கு கழிந்த பிறகு. பாரணையைச் சரியான நேரத்தில் செய்வதும் விரதத்தின் பாகம்தான், அன்று அலுவலகம் போகும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். வெள்ளி, செவ்வாய் நோன்புகளுக்குப் பூஜை முடியும் வரை சாப்பிடாமல் இருந்து, பிறகு நிவேதனம் செய்ததைச் சாப்பிடலாம். சாதுர்மாஸ்யம் என்ற நான்கு மாத விரதத்தை அனுசரிக்கிற குடும்பம் என்றால் முதல் மாதம் கீரை, காய்கறி விலக்குவார்கள், அடுத்த மாதம் தயிர். உங்கள் வீட்டில் அது உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மாத்திரை விரதத்தைக் கெடுக்காது. தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து இந்த எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று சுலோகமே இருக்கிறது. "அஷ்டௌ தான்யவ்ரதக்னானி" என்று தொடங்கும், வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போடுகிற தைராய்டு மாத்திரை என்றால் வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை என்றால் வயிற்றைக் காயப்போடக் கூடாது, மருத்துவரைக் கேட்டுவிட்டு அதற்கேற்ப ஒருபொழுதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் உபவாசம் இருக்கவே வேண்டாம், பூஜையை மட்டும் செய்தால் போதும். இந்த வருடத்துக்குள் உங்களுக்கு அப்படி நல்ல செய்தி வந்தாலும் இதேதான்.

எல்லாவற்றையும் இருந்துதான் ஆக வேண்டுமா என்றால், வேண்டாம். முதல் வருடத்துக்கு மங்கள கௌரி, வரலட்சுமி இரண்டு போதும். மங்கள கௌரி ஐந்து வருடக் கணக்கு உள்ளது, நடுவில் விடாமல் முடித்து உத்யாபனம் என்ற நிறைவுப் பூஜை செய்ய வேண்டும், அதனால் அதற்கு முதலிடம் கொடுங்கள். அம்மா மனம் கோணாமல் ஆடி வெள்ளியில் ஒரு விளக்கேற்றி விடுங்கள். ஏகாதசியும் சோமவாரமும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கத் தயங்கி யாரும் கேட்காத ஒன்று, நானே சொல்லிவிடுகிறேன். வரலட்சுமி நோன்பன்று மாதவிலக்கு வந்துவிட்டால் மாத்திரை போட்டு நாளைத் தள்ள வேண்டாம். சிராவணத்திலேயே அடுத்த வெள்ளியில் செய்யலாம், அதுவும் முடியாவிட்டால் நவராத்திரி வெள்ளியில் செய்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மங்கள கௌரிக்குக் கவலையே இல்லை, மாதத்தில் நான்கைந்து செவ்வாய் வரும், ஒன்று போனால் மற்றவற்றில் செய்யுங்கள்.